வயிறு பத்திரம்!

மாடல் நீர்விமானம் பற்றிச் சென்ற மாதம் இந்தப் பகுதியில் இரண்டு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் ஒரு பாதி ‘அடிவயிறு பிளந்துவிட்டது, என்ன செய்ய?’ என்கிறது. மறுபாதி ‘தண்ணீரை விட்டு எழும்பவே மாட்டேன் என்கிறது, என்ன செய்ய?’ என்கிறது. விசாரித்ததில் இரண்டு கூட்டமும் ஒன்றுதான். பிளந்ததை ஒட்டுவதற்கு முன்னால் எழுதியவர்கள் முதல் கூட்டம். ஒட்டிய பிறகு எழுதியவர்கள் இரண்டாவது.

தண்ணீர் மெத்தை மாதிரிதானே? தரையில் இறங்கும் மாடலுக்கு இல்லாத கவலை இதற்கு மட்டும் ஏன்?
*– ஈரோடு வாசகர்*

கிணற்றில் குதித்ததே இல்லையா? கையை நீட்டித் தலைகீழாகப் பாய்ந்தால் அது மெத்தை. வயிறு தட்டையாக விழுந்தால், அன்று இரவு மல்லாந்து படுத்துக்கொண்டு ‘அம்மா அடித்ததே தேவலை’ என்று நினைப்பீர்கள். கிணறு ஒன்றுதான், ஆளும் ஒருவன்தான், கோணம்தான் வேறு.

கணக்காகவும் பார்த்துவிடலாம். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒரு பரப்பு நேருக்கு நேராகத் தண்ணீரில் மோதினால் சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ அழுத்தம் வரும். பால்சா என்ற லேசான மரத்தில் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் பலகைக்கு ஐம்பது கிலோ, அதாவது இரண்டு சிப்பம் அரிசி. நல்லவேளையாக விமானம் நேருக்கு நேர் மோதுவதில்லை, சாய்வாகத் தழுவி இறங்குகிறது. மூக்கைக் குத்தினால் மட்டும் அந்த இரண்டு சிப்பமும் உங்களுக்குத்தான். வேகம் இரட்டிப்பானால் அடி நான்கு மடங்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தியடோர் வான் கார்மான் என்ற மேதை 1929-ல் இந்த அடியைக் கணக்குப் போட்டார். அடிவயிறு ‘V’ வடிவில் எவ்வளவு கூர்மையோ அவ்வளவு மெதுவாக அடி விழும். தட்டையாக ஆக ஆக அவருடைய சூத்திரத்தில் அழுத்தம் முடிவிலியை நோக்கி ஓடும். நிஜத்தில் அந்த அளவுக்குப் போகாது. இடையில் சிக்கும் காற்றும், தண்ணீர் கொஞ்சம் அமுங்குவதும் காப்பாற்றிவிடும். ஆனால் பால்சா பிளப்பதற்கு முடிவிலி எதற்கு? இருபது டிகிரி சாய்வாவது வைத்துக் கட்டுங்கள். துணி, ரெசின் எல்லாம் அப்புறம்.

காசிமேட்டில் ஃபைபர் படகுக்குப் போடும் மேட்டும் ரெசினும் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு படகையே தாங்குகிறதே, என் ஒன்றரை மீட்டர் விமானத்தைத் தாங்காதா?
*– திருவொற்றியூர் வாசகர்*

தாங்கும். விமானம்தான் அதைத் தாங்காது.

படகு மேட் சதுர மீட்டருக்கு 300 அல்லது 450 கிராம் எடையுள்ளது. வைக்கோலைக் கொட்டியது மாதிரி நறுக்கிய இழைகள். குடிக்கும் ரெசினோ தன் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு. உங்கள் விமானத்தின் அடிப்பரப்பு சுமார் 0.1 சதுர மீட்டர் இருக்கும். மேட் 45 கிராம், ரெசின் நூறுக்கு மேல், ஆகமொத்தம் 150 கிராம். கிட்டத்தட்ட இன்னொரு பேட்டரியின் கனம்!

மாடல்காரர்கள் போடுவது சதுர மீட்டருக்கு 25 அல்லது 49 கிராம் எடையுள்ள, நெய்த கண்ணாடி இழைத் துணி. மஸ்லின் மாதிரி இருக்கும், மூச்சு விட்டால் பறக்கும். அதே 0.1 சதுர மீட்டருக்கு 49 கிராம் துணி என்றால் துணி 5 கிராம். ஒழுங்காகத் தடவினால் ரெசினும் 5 கிராம். மொத்தம் 10. படகு வழியில் போனால் பதினைந்து மடங்கு.

இன்னொரு ஆபத்தும் உண்டு. படகு ரெசின் பாலியஸ்டர் வகை, அதில் ஸ்டைரீன் கலந்திருக்கிறது. உங்கள் விமானத்தில் எங்கேயாவது தெர்மகோல் இருந்தால், பெட்ரோலில் போட்டது போலக் கரைந்து உட்காரும். ஃபோம் உள்ள இடத்தில் எபாக்சி, அல்லது தண்ணீரில் கரைத்த பாலியூரிதேன் வார்னிஷ். இரண்டும் ஃபோமைத் தொடாது.

எத்தனை அடுக்கு போட்டால் போதும்?
*– சேலம் வாசகர்*

ஒன்று. தேவைப்பட்ட இடத்தில் இரண்டு. மூன்று போட்டவர் யார் என்று கேட்காதீர்கள், இந்தப் பகுதியை அவர்தான் எழுதுகிறார்.

துணி போடும்போது எனக்குக் கொப்புளம் கொப்புளமாக வருகிறது. காய்ந்த பிறகு எடை போட்டால் மயக்கம் வருகிறது. கைப்பக்குவம் சொல்லுங்களேன்.
*– கோவை வாசகர்*

எடையில்தான் எல்லாரும் தோற்கிறோம். பளபளப்பாகத் தெரியும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பது நம் சுபாவம். பாயசத்தில் நெய் மிதந்தால்தான் பாயசம்! ரெசின் விஷயத்தில் மிதந்தால் நாசம்.

முதலில் பலகையை நைசாகத் தேய்த்துத் தூசு துடையுங்கள். துணியைக் காய்ந்த பலகை மேலேயே விரியுங்கள். உலர்ந்த கையால் நீவிச் சுருக்கம் எடுத்துவிடுங்கள். பிறகு ரெசினை நடுவில் கொஞ்சமாக ஊற்றி, காலாவதியான ஏ.டி.எம். கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுங்கள். ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்தால் கொப்புளம் நிச்சயம். துணி கண்ணாடியாக மாறி, ஆனால் நெசவு இன்னும் தெரியும் நிலையில் நிறுத்துங்கள். இப்போது ஒரு டாய்லெட் பேப்பர் ரோலை எடுத்துச் சப்பாத்திக் கட்டை உருட்டுவது போல மேலே உருட்டிப் போங்கள். உபரி ரெசினையெல்லாம் அது குடித்துவிடும். நனைந்த சுற்றைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி உருட்டுங்கள். சிரிக்காதீர்கள். இந்த ஒரு வித்தையில் பாதி எடை குறையும். நானே சமையலறைத் தராசில் நிறுத்திப் பார்த்திருக்கிறேன். தராசின் உரிமையாளர் வீட்டில் இல்லாத நேரத்தில்.

ஐந்து நிமிட எபாக்சி இதற்கு ஆகாது. பாதி தடவுவதற்குள் கல்லாகிவிடும், தண்ணீரையும் அவ்வளவாகத் தாங்காது. மெதுவாக இறுகும் வகை வாங்குங்கள். கலந்ததை டம்ளரில் குவித்து வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் அது தானே சூடேறிப் புகைய ஆரம்பிக்கும். அகலமான தட்டில் பரப்பி வையுங்கள். மழைக்காலத்தில் போட்டால் மறுநாள் மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுபிசுப்பு படியும். அதைத் தேய்க்கக் கூடாது, தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுத்தான் உப்புத்தாள் வைக்க வேண்டும். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். கண்ணாடித் தூள் ஒட்டிய கையோடு பனியனைக் கழற்றியவனுக்குத்தான் அந்த அரிப்பு தெரியும்.

எங்கே பலப்படுத்த வேண்டும்? முழு உடம்புக்கும் துணி சுற்றிவிடலாமா?
*– திருச்சி, பொறியியல் மாணவர்*

மம்மி செய்வதாக இருந்தால் சுற்றலாம்.

பட்டியல் போடும் முன் ஒரு குச்சியை முழங்காலில் வைத்து ஒடியுங்கள். பிளவு எந்தப் பக்கம் தொடங்குகிறது? முழங்கால் படும் பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம். இழுபடும் பக்கம்தான் முதலில் கிழியும். விமானத்துக்குத் தண்ணீர்தான் முழங்கால். வெளியிலிருந்து அது தள்ளும்போது, உள்ளே குறுக்கே நிற்கும் இரண்டு பிரேம்களுக்கு நடுவே பலகை உள்பக்கமாகக் குழிகிறது. இழுபடுவது பலகையின் உள்முகம். நாம் எல்லாரும் துணியை வெளியே மட்டும் ஒட்டிவிட்டு, ‘ரெண்டு அடுக்கு போட்டும் பிளந்துவிட்டதே’ என்று வானத்தைப் பார்க்கிறோம். அந்த இரண்டாவது அடுக்கை வெளியே போடாமல் உள்ளே போட்டிருந்தால் பிளந்திருக்காது. மேல் மூடியை ஒட்டுவதற்கு முன்பே இதைச் செய்தாக வேண்டும் என்பது ஒன்றுதான் தொல்லை.

பிரேம் ஓரத்திலோ கதை தலைகீழ். அங்கே வெளிமுகம் இழுபடும். அதனால்தான் வெளியே ஓர் அடுக்கு. பிரேமும் பலகையும் சேரும் மூலையில் முக்கோணக் கட்டை ஒன்றை ஒட்டிவிட்டால், விரிசல் விழுவதற்கு ஒரு கூரான கோடு கிடைக்காது.

இனி இடம். அடி அதிகம் வாங்குவது மூக்கிலிருந்து, அடிவயிற்றின் நடுவில் படி போல இருக்கும் ‘ஸ்டெப்’ வரையிலான முன்வயிறு, அதிலும் ஸ்டெப்புக்குச் சற்று முன்னால் உள்ள கட்டம். அங்கே பிரேம்களை நெருக்கி வையுங்கள். பலகையின் ரேகை நீளவாக்கில் ஓடாமல் குறுக்கே ஓடட்டும். நடுவில் ஓடும் முதுகெலும்பை நம் மீனவர்கள் ஏரா என்பார்கள், மாடல்காரர்கள் கீல் என்பார்கள். பெயர் எதுவானாலும் கரையில் உரசுவது அதுதான். அதன்மேல் ஒரு மெல்லிய கடின மரப்பட்டி, அதற்கும் மேல் துணி. வால்பக்கம் வெறும் வார்னிஷ் போதும். வாலில் ஏற்றும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வைத்துக் கப்பம் கட்ட வேண்டிவரும்.

கார்பன் இழைத் துணியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பலம்தான். ஆனால் அது மின்சாரம் கடத்தும். ரிசீவரின் ஆன்டெனாவைக் கார்பன் கூட்டுக்குள் வைத்தால், நீங்கள் கரையில் நின்று கத்துவது விமானத்துக்குக் கேட்காது.

துணி, ரெசின், ஃபில்லர், பெயின்ட் எல்லாம் போட்டு மொழுமொழுவென்று கண்ணாடி போலத் தேய்த்துவிட்டேன். பார்க்க அவ்வளவு அழகு. முன்பு எழும்பிய விமானம் இப்போது ஏரி முழுக்க உழுகிறது, எழும்பவில்லை. எடை 40 கிராம்தான் கூடியிருக்கிறது. என்ன காரணம்?
*– தஞ்சை வாசகர்*

அழகுதான் காரணம்!

எழுந்து சமையலறைக்குப் போங்கள். குழாயை மெல்லத் திறந்துவிட்டு ஒரு கரண்டியின் காம்பை இரண்டு விரலால் தொங்கப் பிடித்து, அதன் முதுகைத் தண்ணீர்த் தாரைக்கு அருகில் கொண்டுபோங்கள். தண்ணீர் கரண்டியைத் தள்ளிவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். வளைந்த பரப்பைத் தண்ணீர் விடாது, தழுவிக்கொண்டே போகும். இப்போது கரண்டிக்குப் பதில் கத்தியைப் பிடியுங்கள். விளிம்பு வரை வந்த தண்ணீர் அங்கேயே கத்தரித்தது போலப் பிரிந்துவிடும்.

உங்கள் ஸ்டெப் முன்பு கத்தியாக இருந்தது. நீங்கள் தேய்த்துத் தேய்த்து அதைக் கரண்டி ஆக்கிவிட்டீர்கள்.

ஸ்டெப் என்ற அந்தப் படிக்கட்டு எதற்கு இருக்கிறது? வேகம் பிடிக்கும்போது விமானம் முன்வயிற்றின் மேல் ஏறி, தண்ணீர்ப் பரப்பில் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். அப்போது பின்வயிறு தண்ணீரைத் தொடக் கூடாது. படியில் தண்ணீர் ‘பட்’டென்று பிரிந்தால் அதன் பின்னால் காற்று புகுந்துகொள்ளும், வால் விடுபடும், மூக்கைத் தூக்கலாம். தண்ணீர் பிரியாவிட்டால் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டே வரும். அமெரிக்காவில் கிளென் கர்ட்டிஸ் 1912-ல் தன் பறக்கும் படகை ஏரியில் விட்டபோது இதே தலைவலிதான். இன்ஜின் கதறியது, படகு ஓடியது, எழும்பவில்லை. அடியில் ஒரு படியை வைத்தார், எழும்பியது. அதற்குப் பிறகு வந்த நீர்விமானங்களில் பெரும்பாலானவற்றின் வயிற்றிலும் அந்தப் படி இருக்கிறது.

கண்ணாடித் துணிக்குக் கூரான மூலையில் மடியத் தெரியாது. நீங்கள் வற்புறுத்தி மடித்தால் மூலை உருண்டைதான் ஆகும். ஆகவே துணியை ஸ்டெப்பின் விளிம்போடு நிறுத்தி வெட்டிவிடுங்கள். விளிம்பிலேயே 0.4 மில்லிமீட்டர் பிளைவுட் பட்டி ஒன்றை ஒரு நூல் வெளியே நீட்டி ஒட்டி, நேராக இழைத்துவிடுங்கள். நகத்தை வைத்து இழுத்தால் நகம் சீவ வேண்டும், அதுதான் பதம். பக்கவிளிம்புக்கும் இதே சட்டம். அங்கே உருண்டையாக இருந்தால் தண்ணீர் பக்கச்சுவரில் ஏறி இறக்கையையும் புரொப்பெல்லரையும் குளிப்பாட்டும். படியின் ஆழம் வயிற்றின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். உங்கள் 12 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போதும். ஃபில்லர் அதையும் கொஞ்சம் தின்றிருக்கும், அளந்து பாருங்கள்.

இன்னொன்று. கண்ணாடி போலத் தேய்த்தது வீண்வேலை. நைசான உப்புத்தாளோடு நிறுத்தியிருந்தால் போதும். மூன்று ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

மூன்று மாதமாக மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒரு பலகையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். எப்போது சார் முடியும்?
*– மதுரை, ஒரு மாடல்காரரின் மனைவி*

முடியாது அம்மா. முடிந்த அன்று தண்ணீரில் விடுவார், மறுநாள் முதலிலிருந்து தேய்ப்பார். மாடியிலேயே ஒரு ஃபேன் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

அங்கிள், என் ஃபோம் ப்ளேன்தான் மிதக்குமே, உள்ளே கொஞ்சம் தண்ணீர் போனால் என்ன?
*– காரைக்குடி, எட்டாம் வகுப்பு*

நல்ல கேள்வி தம்பி. மிதக்கும், முழுகாது. ஆனால் பறக்காது.

உன் ப்ளேன் 1,200 கிராம் என்று வைத்துக்கொள். உள்ளே 50 மில்லி தண்ணீர் புகுந்துவிட்டது, அரை டம்ளர்கூட இல்லை. ஓடும்போது சமமாகக் கிடக்கும். மூக்கைத் தூக்கினதும் எல்லாத் தண்ணீரும் குடுகுடுவென்று வாலுக்கு ஓடும். எடைமையத்திலிருந்து 40 சென்டிமீட்டர் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது என்றால், 50-ஐ 40-ஆல் பெருக்கி 1,250-ஆல் வகுத்துப் பார். எடைமையம் 1.6 சென்டிமீட்டர் பின்னால் போயிருக்கும். இறக்கையின் அகலம் 20 சென்டிமீட்டர்தான் என்றால் அது பெரிய பாவம். மூக்கு இன்னும் தூக்கும், தண்ணீர் இன்னும் பின்னால் தள்ளும், அவ்வளவுதான்.

அதனால் உள்ளே குறுக்குச் சுவர் வை, தண்ணீர் வாலுக்கு ஓடக் கூடாது. காலியான அறையில் தெர்மகோல் துண்டு அல்லது பிங்பாங் பந்து அடைத்து வை. அடியில் ஒரு சின்ன ஓட்டையும் அதற்கு ரப்பர் மூடியும் வைத்தால், கரைக்கு வந்ததும் திறந்து வடிக்கலாம். மூடியைத் திரும்பப் போட மறக்காதே. பெரிய மாமாக்களே மறப்பார்கள்.

ஒழுகுகிறதா என்று ஏரிக்குப் போகாமலே கண்டுபிடிக்க வழி?
*– நாகர்கோவில் வாசகர்*

சைக்கிள் பஞ்சர் கடைக்காரர் கற்றுக்கொடுத்த வழிதான். தொட்டியில் அமுக்கி, வடிகால் ஓட்டையில் ஒரு குழாயைச் செருகி மெல்ல ஊதுங்கள். குமிழி வரும் இடத்தில் பென்சிலால் குறியிடுங்கள். பிறகு பேட்டரி அளவுக்குக் கல்லை ஏற்றி அரைமணி நேரம் மிதக்கவிட்டு, முன்னும் பின்னும் எடை போடுங்கள். தராசு பொய் சொல்லாது. மூடிகளின் ஓரத்தில் வாஸ்லின் தடவி, மேலே டேப். ஒட்டும்போது சாதாரண வெள்ளைப் பசையைத் தொடாதீர்கள், ஈரத்தில் இளகும். தண்ணீர் தாங்கும் மரப்பசை என்றே கேட்டு வாங்குங்கள்.

கடையில் வாங்கிய ஈ.பி.ஓ. ஃபோம் விமானம். ரெசின் ஒட்டினால் தோல் உரிவது போல உரிகிறது. வேறு வழி?
*– யாழ்ப்பாணம் வாசகர்*

அந்த ஃபோமின் குணம் அது, எதையும் எளிதில் பிடித்துக்கொள்ளாது. அகலமான, பளபளப்பான பார்சல் டேப்பே உங்களுக்குப் போதும். ஆனால் ஒட்டும் வரிசையில்தான் சூட்சுமம். ஓடு வேய்ந்ததைப் பார்த்திருப்பீர்கள். தாழ்வாரத்தில் ஆரம்பித்து முகடு நோக்கிப் போவார்கள், மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் உட்காரும், மழைநீர் இடுக்கில் நுழையாது. விமானத்துக்கு மழை மூக்கிலிருந்து வருகிறது. வாலில் ஆரம்பித்து முன்னோக்கி ஒட்டுங்கள், முன்டேப் பின்டேப்பின் மேல் ஏறட்டும். மாற்றி ஒட்டினால் முதல் ஓட்டத்திலேயே தண்ணீர் விளிம்பைக் கிளப்பித் தோலாக உரித்துவிடும். கீல் நெடுகிலும் கத்தியால் ஒரு பிளவு போட்டு, 3 மில்லிமீட்டர் கார்பன் குச்சி ஒன்றைப் புதைத்துவிட்டு அதன்மேல் டேப் போட்டால் முதுகு வளையாது.

இறக்கை நுனியில் இருக்கும் சின்ன மிதவைகள் அடிக்கடி ஒடிகின்றன. அவற்றையும் துணி போட்டு இரும்பாக்கிவிடவா?
*– சிங்கப்பூர் வாசகர்*

வேண்டாம். மிதவை ஒடியாவிட்டால் இறக்கை ஒடியும். ஒரு நைலான் திருகாணியில் மாட்டிவையுங்கள். எங்கேயாவது சிக்கினால் ஆணி அறுந்து மிதவை மட்டும் கழன்று விழட்டும். ஆணி போனால் ஆணி, இறக்கை போனால் மூன்று மாதம். பையில் பத்து ஆணி வைத்துக்கொள்ளுங்கள்.

என் விமானம் ஓடும்போது தவளை மாதிரித் தத்துகிறது. வயிற்றில் பலம் போதவில்லையா?
*– புதுச்சேரி வாசகர்*

பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் நாலு தத்துக்குப் பிறகு பலம் தேவைப்படும். எடைமையம் ஸ்டெப்புக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால் இருக்கிறதா பாருங்கள். பின்னால் இருந்தால் பேட்டரியை முன்னுக்குத் தள்ளுங்கள். தள்ளியதைப் பட்டி போட்டுக் கட்டுங்கள். மூக்குக் குத்தி விழும்போது 200 கிராம் பேட்டரி பத்து மடங்கு எடையோடு முன்சுவரை உடைத்துக்கொண்டு போகும். முன்வயிறு பிளந்தது என்று எனக்கு வந்த கடிதங்களில் சில, உள்ளேயிருந்து பிளந்தவை.

செல்போன் நனைந்தால் அரிசிக்குள் போடுகிறோமே, ரிசீவருக்கும் அதுதானா?
*– கடலூர் வாசகர்*

அரிசியைச் சோறாக்கிச் சாப்பிடுங்கள். ரிசீவரை நனைவதற்கு முன்பே ஒரு பலூனுக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள். உங்கள் ஊரில் உப்பங்கழி. உப்புத்தண்ணீர் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, மோட்டார் பேரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நாளைக்குத் துருவைத்தான் பார்ப்பீர்கள்.

புழல் ஏரியில் ஒரு காலத்தில் நிஜ விமானம் இறங்கும் என்று தாத்தா சொல்கிறார். கதை விடுகிறாரா?
*– செங்குன்றம் வாசகி*

தாத்தாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆவது பிரிவு அங்கேதான் கேட்டலினா பறக்கும் படகுகளை வைத்திருந்தது. 31 மீட்டருக்கு மேல் இறக்கை கொண்ட ராட்சதப் பறவை. அதன் நுனி மிதவைகள் பறக்கும்போது மடிந்து இறக்கை நுனியாகவே மாறிவிடும்.

அதே கேட்டலினாதான் இலங்கையில் காலிக்கு அருகே கொக்கலை ஏரியிலும் இருந்தது. 1942 ஏப்ரல் 4-ஆம் தேதி அங்கிருந்து புறப்பட்ட கனடா விமானி லியனார்ட் பர்ச்சல், இலங்கையைத் தாக்க வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பிவிட்டுத்தான் சுடப்பட்டு விழுந்தார். உயிர் பிழைத்துச் சிறைப்பட்டார். 1943 முதல் 1945 வரை ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் கொக்கலைக்கும் இடையே குவான்டாஸ் இதே விமானத்தில் பயணிகளைக் கொண்டுபோனது. நடுவில் நிற்காமல் 27 மணி முதல் 33 மணி நேரம் வரை. ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியோதயம் பார்த்தார்கள்.

நம் பேச்சுக்கு வருகிறேன். அலுமினிய வயிறு கொண்ட அந்த ராட்சதமும் கரடுமுரடாக இறங்கினால் ரிவெட் தெறித்துவிடும். ஊழியர்கள் அந்த ஓட்டையில் பென்சிலைச் செருகி உடைத்துவிட்டுப் பறந்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் பால்சா ஒழுகுவதற்கு வெட்கப்பட வேண்டாம். பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். புழலில் மட்டும் விடாதீர்கள், இன்று அது சென்னையின் குடிதண்ணீர்.

ஏரியில் பறக்கவிட்டால் போலீஸ் பிடிக்குமா?
*– வேலூர் வாசகர்*

2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளைப் படித்துவிடுங்கள். 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ. உங்கள் ஏரி ட்ரோன் வான்வெளி வரைபடத்தில் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்த்துவிட்டு, ஏரிக்குப் பொறுப்பானவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

கண்ணாடி மாதிரி அலையே இல்லாத காலை நேரம்தானே மாடல் விட நல்லது?
*– ஊட்டி வாசகர்*

போட்டோ எடுக்க நல்லது. அசையாத தண்ணீர் வயிற்றை விடாமல் பிடித்துக்கொள்ளும். இறங்கும்போதோ உயரம் தெரியாது. வானமும் மரமும் தண்ணீரில் தெரியும், தண்ணீர் தெரியாது. நிஜ நீர்விமானிகளே அப்படிப்பட்ட நேரத்தில் உயரத்தைக் கண்ணால் கணிக்காமல், ஒரே சீராக மெதுமெதுவாக இறக்கிக்கொண்டே வந்து தானாகத் தொடவிடுவார்கள். கொஞ்சம் சிற்றலை கிளம்பும்வரை ஒரு டீ சாப்பிடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தேன். நடு ஏரியில் பேட்டரி தீர்ந்து நின்றுவிட்டது. நீந்திப் போய் எடுத்துவந்தேன். எப்படி என் வீரம்?
*– சிவகங்கை வாசகர்*

இதற்கு மட்டும் நகைச்சுவையாகப் பதில் சொல்ல மாட்டேன். நம் கண்மாய்களில் தண்ணீருக்கு அடியில் கருவேல முள்ளும் வெட்டிய கட்டைகளும் இருக்கின்றன. மேலே ஆகாயத்தாமரை, கீழே சேறு, நடுநடுவே மண் அள்ளிய பள்ளம். கரையில் நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. காற்று உங்கள் முகத்தில் வீசும் கரையாகப் பார்த்து நில்லுங்கள். நின்றுபோன விமானத்தை அந்தக் காற்றே அரைமணியில் உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும். அவசரமென்றால் ஒரு தூண்டில் கழியும், நுனியில் கட்டிய டென்னிஸ் பந்தும் எடுத்துப் போங்கள். விமானத்தைத் தாண்டி வீசி இழுத்தால் நூல் சிக்கி வந்துவிடும். அதுவும் முடியாவிட்டால் பரிசல்காரரைக் கூப்பிடுங்கள். அவரும் இல்லையென்றால் விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். துணி 5 கிராம், ரெசின் 5 கிராம், இன்னொன்று கட்டிவிடலாம். தயவுசெய்து தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள்.